ரிசல்ட்டக்கா பாஸ் போட்ட பையன்

ஒரு கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? எனக்கு இன்றுவரை விடை தெரியாத கேள்வி இது. ஒரு நாவலை முடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவேன். சொன்ன கையோடு சந்தேகம் வந்துவிடும். நிஜமாகவே நன்றாக இருந்ததா, இல்லை அன்றைக்குப் பாப்பா ஒழுங்காகச் சாப்பிட்டதால் எனக்கு எல்லாமே நன்றாகத் தோன்றியதா?

ரிசல்ட்டக்காவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. இதுவரை எழுதப்பட்ட கதைகள், இந்த நிமிடம் எங்கேயோ எழுதிக்கொண்டிருக்கிற கதைகள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் எழுதப்போகிற கதைகள் எல்லாவற்றுக்கும் அவரிடம் இரண்டே முடிவுகள்தான். பாஸ். ஃபெயில். அவர் கையில் ஃபெயிலான எழுத்தாளர்களைக் கடலூர் பஸ் நிலையத்திலிருந்து வரிசையாக நிற்க வைத்தால், வரிசையின் வால் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்.

அப்போது எனக்குச் சிதம்பரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வீடு கடலூர் திருப்பாப்புலியூரில். 2005 முதல் நான்கு வருடங்கள் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். காலையில் பஸ் நிலையத்தில் ஏறி, இரண்டு பேர் சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடிப்பேன். முதுநகரில் ரிசல்ட்டக்கா ஏறுவார். என் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, என்னை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னலோரத்தில் உட்காருவார். இடம் பிடிப்பது நான், ஜன்னல் அவருக்கு. இந்த ஏற்பாடு எப்போது, யாரால் முடிவானது என்று எனக்கு நினைவில்லை. அவரும் விளக்கியதில்லை.

அக்கா ஆள் குட்டை, குரல் நெட்டை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை. விடைத்தாள் கட்டு, மறுகூட்டல், அரியர், ஹால் டிக்கெட் என்று பகல் முழுக்க அதற்குள்ளேயே கிடந்ததால் அவருக்கு உலகமே ஒரு பரீட்சை ஹாலாகத் தெரிந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. அவர் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"என்னாக்கா, நேத்து ஒரு புஸ்தகம் எடுத்துக்கிட்டுப் போனியே, ரிசல்ட்டு வந்துடுச்சா?"

அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள் என்று எத்தனை முறை சொன்னாலும், அக்கா எனக்கு 'ஆடிட்டரு' என்று பெயர் வைத்து, பஸ் முழுக்க அது பரவிவிட்டது. எதைச் சொன்னாலும் இரண்டு முறை சரிபார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்பது அவர் வாதம்.

நூலகப் புத்தகம், பெட்டிக்கடை மாத நாவல், பக்கத்து வீட்டுத் தொடர்கதை பைண்டிங் என்று எது கையில் கிடைத்தாலும் படிப்பார். படிக்கும்போது பிடிக்காத இடம் வந்தால் "ச்ச்" என்று ஒரு சத்தம் வரும். பல்லி சொல்வதைப் போல இருக்கும். முன் சீட்டில் புதிதாக உட்கார்ந்தவர்கள் மேலே கூரையைப் பார்ப்பார்கள். பழகியவர்கள், "இன்னைக்கும் ஒருத்தன் காலி" என்று பேசிக்கொள்வார்கள்.

துப்பறியும் கதைக்கு அவர் வைத்திருந்த விதி, பஸ் போகிற வழியை வைத்து உண்டானது. முதுநகரில் திறந்த புத்தகத்தில் ஆலப்பாக்கம் வருவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் ஃபெயில்.

"எனக்கே தெரிஞ்சிபோச்சின்னா அது என்னா க்ரைம் நாவலு? கல்யாணப் பத்திரிக. மாப்ள பேரு மேலயே போட்டிருக்குது."

சரித்திர நாவல்களின் மேல் அவருக்கு வேறு வகையான வருத்தம். "நாலு அத்தியாயமா குதிர மேலயே போறான். எறங்கல, சாப்புடல, ஒதுங்கப் போவல. அந்தக் குதிரயக் கூப்புட்டு வச்சி கேட்டா அது சொல்லும் பாரு, அதுதான் சரித்திரம்." பேய்க் கதைகளில் பேய் எந்நேரமும் தலைவிரி கோலமாகவே வருகிறதே, ஒரு ரப்பர் பேண்டு வாங்கிக் கொடுத்திருந்தால் கதை பாதியிலேயே முடிந்திருக்குமே என்பார். குடும்ப நாவலில் கதாநாயகி அத்தியாயத்துக்கு அத்தியாயம் அழுதால், விடைத்தாளே நனைந்துபோய்விட்டது, எதைத் திருத்துவது என்று மூடிவிடுவார். ஒரு விஞ்ஞானக் கதையில் இயந்திரம் ஒன்று ஒரு பெண்ணைக் காதலித்தது. எனக்குக்கூட அது பிடித்திருந்தது. அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் அலுவலகத்து ஜெராக்ஸ் மிஷின் பேப்பரையே ஒழுங்காக இழுக்கமாட்டேன் என்கிறது, அதற்குக் காதல் வேறா என்று கேட்டார்.

இலக்கிய நாவல்கள் வந்தால்தான் கொஞ்சம் தடுமாறுவார். படித்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டு வருவார். கண்டக்டர் கேட்டால், "ரிசல்ட்டு நிறுத்தி வச்சிருக்குது" என்பார். சில புத்தகங்களின் முடிவு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பொங்கலுக்கு முன்னால் நிறுத்தி வைத்த ஒரு நாவலை, சித்திரை வெயிலில் ஒருநாள் பஸ்ஸில் ஏறியதும் பாஸ் என்று அறிவித்தார். ஏன் என்று கேட்டேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற பெண் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாளாம், அதைப் பார்த்ததும் அந்த நாவலில் வருகிறவள் ஞாபகம் வந்துவிட்டதாம். நான்கு மாதம் கழித்து ரேஷன் கடையில் ஞாபகம் வந்தால் அது பாஸ்தானே என்றார். எனக்கு அது சரியென்றே பட்டது. ஆனாலும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவர் தீர்ப்பில் திருப்தி இல்லாதவர்கள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம், ஆலப்பாக்கத்தில் ஜன்னலோரம் விற்க வருகிற வறுத்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒரு பொட்டலம். நான் எத்தனையோ முறை விண்ணப்பித்திருக்கிறேன். மல்லாட்டையை உரித்துத் தின்று முடிக்கும்வரை கவனமாகக் கேட்பார். தோலை ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டு, "மாத்தமில்ல" என்பார்.

ஒருநாள் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அக்காவின் கையில் இருந்தது ஒரு துப்பறியும் நாவல். ஆலப்பாக்கம் தாண்டியும் கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அபூர்வமான சம்பவம் என்பதால் கதையை எனக்குச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். யார் யார் வீட்டில் இருந்தார்கள், பால் டம்ளர் எங்கே இருந்தது, கடிகாரம் ஏன் நின்றது என்று அவர் சொல்லச் சொல்ல பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. எங்களுக்கு முன் சீட்டில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மடியில் பெரிய ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். பெரியப்பட்டில் ஒரு சாவுக்குப் போகிறவர். பெரியப்பட்டு வந்தது. கண்டக்டர் இரண்டு முறை ஊர் பெயரைச் சொன்னார். பெரியவர் அசையவில்லை. பஸ் கிளம்பி ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் கண்டக்டருக்கு மாலை கண்ணில் பட்டது.

"யோவ் பெருசு, பெரியப்பட்டுன்னுதான டிக்கெட்டு வாங்குன? மாலய வச்சிக்கிட்டு எங்க போற?"

"சத்த சும்மா இருப்பா. அங்க இருக்குற பொணம் எங்கயும் போவாது. இங்க கொலகாரன் தப்பிச்சிடுவான்."

பெரியவர் புதுச்சத்திரத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்துப் போனார். கொலைகாரன் வீட்டு வைத்தியர் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இறங்கினார். அந்த நாவலுக்கு அக்கா பாஸ் போட்டார். பெரியவருக்குக் கருணை மதிப்பெண் போட்டார்.

இனி என் பக்கத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

பாப்பா பிறந்து ஆறு மாதத்தில் நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். என்னைவிட நன்றாக. ஆனால் முதல் பிறந்தநாள் வருவதற்குள் பாப்பாவுக்குக் காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. சில நிமிடங்கள்தான். சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அத்தை அதைக் கேட்டுத் தெளிந்துவிட்டார். நான் தெளியவில்லை. அன்றிலிருந்து காலையில் பஸ் ஏறினால் அத்தையிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரவேண்டும் என்று ஏற்பாடு. கஞ்சி குடித்துவிட்டாள், உடம்பு சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அத்தைக்குப் பாதியில் துண்டிக்கத் தெரியாது. மணி முழுவதும் அடித்து ஓயும். அது ஓய்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

இதனால் நின்றுபோன விஷயங்களில் ஒன்று, கதை படிப்பது. எந்த நாவலை எடுத்தாலும் ஒரு குழந்தை வந்தது. குழந்தை வந்தால் அதற்குக் காய்ச்சல் வந்தது. எழுத்தாளர்களுக்கு வேறு வேலையே இல்லையோ என்று தோன்றும். ஒருநாள் பஸ்ஸில் ஒரு மாத நாவலைப் பாதியில் மூடிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னவென்று கேட்டார். கதையில் குழந்தை இருமுகிறது என்றேன். அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி, விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் பக்கங்களைத் தள்ளினார். பி.முட்லூர் வந்தபோது திருப்பிக் கொடுத்தார்.

"படி. இருமல் நின்னுபோச்சி. வெறும் சளிதான்."

"நிச்சயமாவாக்கா? கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"ஆவல. பின்னட்டையில சோப்பு வெளம்பரத்துல கூட ஒரு புள்ள நல்லா சிரிச்சிக்கிட்டுதான் இருக்குது. வேணும்னா நீயே பாத்துக்க, ஆடிட்டரு."

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு தனிப் பிரிவு ஆரம்பித்தார். ஒரு கதையை அவர் முழுவதும் படித்து, குழந்தைகளுக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, 'ஹால் டிக்கெட்' கொடுத்து என்னிடம் தருவார். கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. அவரே ஃபெயில் போட்ட எத்தனையோ கண்றாவிகளுக்கு எனக்கு ஹால் டிக்கெட் கிடைத்திருக்கிறது. மாடி ஏறுகிற குழந்தை வந்தால், கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துச் சொல்வார். இந்த ஏற்பாட்டை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டம் வாங்கியவள், கதையில் வருகிற கைப்பிடிச் சுவருக்கு உத்தரவாதம் கேட்கிறேன். ஆனால் மறுபடி படிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அந்த ஒரு மணி நேரம் எனக்கு இருந்தது.

முழுவதும் படிக்காமல் ஹால் டிக்கெட் கொடுப்பதில்லை என்ற தன் சட்டத்தை அக்கா ஒரே ஒருமுறைதான் மீறினார்.

முதுநகரில் ஒரு பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு நாவல் கிடைத்தது. தடிமனான புத்தகம். அட்டை போய், தையல் விட்டு, ஐந்து துண்டாகப் பிரிந்திருந்தது. விடைத்தாள் கட்டுகிற வெள்ளை நூலால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தீவில் கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற குடும்பத்தின் கதை. பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் யாராவது படிக்கும் எண்ணத்தில் இருக்கலாம். முதல் கட்டைப் படித்த மறுநாளே அக்கா அதை என் மடியில் போட்டார். அவர் கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. ஹால் டிக்கெட்டா என்று கேட்டேன்.

"ஹால் டிக்கெட்டு, ஃபர்ஸ்ட் கிளாஸு, மெடலு எல்லாம்தான். படி மொதல்ல. யாருகிட்டயாவது பேசணும்போல இருக்குது எனக்கு."

நானும் எப்போதும்போல் இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் ஒரு கட்டு முன்னால், நான் ஒரு கட்டு பின்னால் என்று படித்தோம். அந்த வாரங்களில் நாங்கள் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனதாகவே எனக்கு ஞாபகமில்லை. கடலுக்கு நடுவில் இருந்தோம். அந்தக் குடும்பத்தில் சின்னான் என்று ஒரு பையன். விளக்கின் கண்ணாடியைத் துடைக்கிற வேலையை அவன் அப்பாவிடமிருந்து அடம்பிடித்து வாங்கிக்கொள்கிற இடத்தை அக்கா இரண்டு தடவை எனக்குப் படித்துக் காட்டினார். கண்டக்டரும் அவன் நலத்தை விசாரிக்க ஆரம்பித்தார்.

நான்காவது கட்டின் முடிவில் சின்னானுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வைத்தியர் கரையில். நடுவில் புயல். படகு கிளம்புமா கிளம்பாதா என்ற இடத்தில் கட்டு முடிந்தது.

நான் அதைப் படித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் பாப்பாவுக்கும் உடம்பு சுட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கணக்கு ஒப்படைக்கவேண்டிய நாள். லீவு போட முடியாது. ஏற்கெனவே இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடுவதாக ஆடிட்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். உன் இஷ்டம் என்று சொன்னால் எனக்கு வேலையை விடுவதா வேண்டாமா என்று இன்னும் குழப்பமாகிவிடும். அத்தைதான் விடாதே என்றார். "நீ ஊட்டுல இருந்தா புள்ளைக்கு எறங்கிடும், எனக்குத்தான் காய்ச்சல் வந்துடும். நீ கெளம்பு மொதல்ல. சூடு எறங்குனதும் போன் அடிக்கிறேன்." நான் கிளம்பினேன். திருப்பாப்புலியூர் தாண்டுவதற்குள் திரும்பி இறங்கிவிடலாமா என்று எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, பின்னால் நின்றவர் அந்த சீட்டில் உட்காரப் பார்த்ததால் மறுபடி உட்கார்ந்தேன்.

முதுநகரில் அக்கா ஏறினார். கையில் கடைசிக் கட்டு இல்லை.

"கட்டு எங்கக்கா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். மடியில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பாப்பாவுக்கு முடியவில்லையா என்று கேட்டார். தலையாட்டினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆடு தின்னுடுச்சி."

"என்னாது?"

"எதுத்த வூட்டு ஆடு. திண்டு மேல வச்சிட்டு தண்ணி புடிக்கப் போனேன். வந்து பாத்தா நூலு மட்டும் கெடக்குது."

பின்னாலிருந்து கண்டக்டரின் குரல் வந்தது. "ஆட்டுக்கு எப்புடிக்கா, கத புடிச்சிருந்துச்சாமா?"

"நீ டிக்கெட்டக் குடுய்யா. நான்தான் அதுக்கு முன்னாடியே படிச்சிட்டனே. ஆடிட்டரு, சொல்றேன் கேளு. படகு கெளம்பிடுச்சி."

அதற்குப் பிறகு அக்கா வாயை மூடவில்லை. வைத்தியர் எப்படிப் படகில் ஏறினார், என்ன செருப்பு போட்டிருந்தார், அலை எவ்வளவு உயரத்துக்கு எழுந்தது, துடுப்பு போடுகிறவனுக்கு வைத்தியர் மேல் என்ன பழைய கோபம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆலப்பாக்கம் வந்தபோது படகு பாதிக் கடலில் இருந்தது. என் போன் அடிக்கவில்லை. வைத்தியருக்குக் குமட்டிக்கொண்டு வந்ததை அக்கா நடித்தே காட்டினார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். பெரியப்பட்டு தாண்டியது. அடிக்கவில்லை. வைத்தியர் தீவில் இறங்கி, படிகளில் ஓடி, சின்னானின் நெற்றியில் கை வைத்தார். புதுச்சத்திரத்தில் டவரே இல்லை.

"நெத்தி சுடுதா அக்கா?" என்று கேட்டேன். எந்தப் பிள்ளையின் நெற்றியைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"சுட்டுச்சி. இப்ப வேர்க்குது. வேர்த்துட்டா எறங்குதுன்னு அர்த்தம். கழுத்தெல்லாம் நனஞ்சிபோச்சி. அவுங்க அம்மா தொடச்சி விடுறா. கண்ணத் தொறக்குறான். பசிக்குதுன்றான்."

பஸ்ஸில் யாரோ உரக்க மூச்சு விட்டார்கள். அக்கா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் போன் இன்னும் சும்மா இருந்தது. சிதம்பரத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. அதனால் சின்னானை வளர்த்தார். அவனைத் தீவிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பத்தாவது பரீட்சை எழுத வைத்தார். பரீட்சை எழுதிய பிறகு அக்காவால் சும்மா விட முடியுமா? பாடவாரியாக மதிப்பெண் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கணக்கில் நூற்றுக்கு நூறு. அறிவியலில் பாராட்டும்படியாக. தமிழில் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது, சந்திப் பிழை.

"அப்புறம் பன்னெண்டாவது. அதுலயும் நல்ல மார்க்கு."

"என்னா குரூப்பு?" என்றார் முன் சீட்டில் ஒருவர்.

"கம்ப்யூட்டர் சயின்ஸு" என்றார் அக்கா.

கண்டக்டர் வாயைத் திறந்தார். கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது என்பது அவருக்கும் தெரியும், வாரக்கணக்காகக் கேட்டுக்கொண்டு வந்தவர். கேட்க வந்தவர் என் பக்கம் பார்த்தார். என் கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, எந்த நிறுத்தமும் இல்லாத இடத்தில் நீளமாக ஊதினார். டிரைவர் பயந்துபோய் பிரேக் போட்டார். ஒன்றுமில்லை, போ போ என்று கண்டக்டர் கையைக் காட்டினார்.

வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் பஸ் ஏறியபோது போன் அடித்தது. அத்தைதான். முழுவதும் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் நான் அதைக் காதில் வைத்திருந்தேன். அக்கா என் தோளில் தட்டினார்.

"பாஸு" என்றார். பஸ்ஸில் நாலைந்து பேர், எதற்கென்று தெரிந்தும் தெரியாமலும், அதையே திருப்பிச் சொன்னார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பாப்பா தரையில் உட்கார்ந்து முறத்தைத் தலையில் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சின்னானின் கதையைச் சொன்னேன். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டே, வெள்ளைக்காரன் ஆளும்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பா என்று கேட்டுவிட்டு, புரையேறும் அளவுக்குச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எலெக்ட்ரிக் பில்லைக்கூட இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறவள் நான். அந்த நாவலின் கடைசிக் கட்டை எங்கேயாவது தேடிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில், வேலையை விடவில்லை என்று சொன்னேன். எதனால் அப்படி முடிவு செய்தேன் என்று யாருக்கும் விளக்க முடியாது. ஒரு காலைப் பொழுதைத் தாண்ட முடிந்தது என்றால் அடுத்ததையும் தாண்டலாம் என்று பட்டது, அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் ஒருத்தர் இருப்பார் என்பதும் தெரிந்திருந்தது.

2009-ல் நாங்கள் சிதம்பரத்துக்கே குடிவந்துவிட்டோம். பாப்பாவுக்கு இப்போது ஏழு வயது. டாக்டர் சொன்னபடியே வலிப்பு மறுபடி வரவில்லை. நான் இன்னும் அதே அலுவலகத்தில் இருக்கிறேன். அக்கா இன்னும் அதே பஸ்ஸில் வருகிறார். இப்போது அவருக்கு இடம் பிடிப்பது கண்டக்டர் என்று கேள்வி.

போன மாதம் கீழ வீதிப் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பழைய புத்தகக் கடையில் அந்த நாவல் இருந்தது. அட்டையோடு, தையலோடு, முழுசாக. கடைக்காரரிடம் பையைக் கொடுத்துவிட்டு நின்றபடியே கடைசிப் பகுதியைத் திறந்தேன்.

படகு கிளம்பவே இல்லை. புயல் நிற்க இரண்டு நாளானது. வைத்தியர் வந்து சேர்ந்தபோது சின்னான் இல்லை. அதற்குப் பிறகு அவன் அப்பா தனி ஒருவராகக் கண்ணாடியைத் துடைக்கிற நாலு பக்கம் இருக்கிறது. அதைப் போல எழுதி நான் படித்ததில்லை. நல்ல கதை எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது என்றேன், ஆனாலும் இது நல்ல கதை. நின்ற இடத்திலேயே அழுதேன். கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குத் தெரிந்த சின்னான் பிழைத்துவிட்டான். அவனுக்குத் தமிழில் கொஞ்சம் குறைந்துவிட்டது. இந்த ஐந்தாறு வருடமாக அவன் எங்கேயோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பதாகவே நான் நினைத்திருக்கிறேன். அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைசிக் கட்டைப் படித்திருப்பார். அவருக்கும் அவன் செல்லப் பிள்ளைதான். அந்த நாலு பக்கத்தைப் படித்து அழுதுவிட்டு, அழுததை யாரிடமும் சொல்ல முடியாமல், மறுநாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனுக்கு வேர்த்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். யாரிடமாவது பேசவேண்டும் என்றுதான் அந்தப் புத்தகத்தையே எனக்குக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் நன்றி சொன்னால் எதற்கு என்று கேட்பார். சொன்னால், அவர் கதையை மாற்றியது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். இத்தனை வருட வேலையில் ஒருவருக்கும் தப்பாகப் பாஸ் போட்டதில்லை என்பது அக்காவின் பெருமை. அதில் நான் கை வைக்கலாமா? சொல்லாமல் இருந்தால், அந்த நாலு பக்கத்தைப் பற்றி அவரோடு பேச யாருமே இல்லாமல் போய்விடுமே என்றும் இருக்கிறது. இரண்டு பக்கமும் யோசித்து எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

இந்தப் பத்திரிகையை அவர் ஒரு தொடர்கதையின் காரணமாக ஃபெயில் செய்து ரொம்ப நாளாகிறது, வாங்குவதே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வாசகர்களே, உங்களில் விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். என்னவென்று சொல்லாமல் ஒருத்தருக்கு எப்படி நன்றி சொல்வது? அன்றைக்கு வஞ்சிரம் வறுக்கலாம் என்று இருக்கிறேன். அது மட்டும் போதாது என்று தெரிகிறது.